சிஸ்வே பான்ஸியைச் சிரித்துப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் 'சிஸ்வே பான்ஸி இஸ் டெட்' நாடகம் என்றாலே நிறவெறி, அடக்குமுறை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டதும் 'அழுகைக் கதை போல' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற நாடகம் இது.

நாடகாசிரியர் அதோல் ஃபுகார்டும், நடிகர்கள் ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து உருவாக்கியது. 1972-இல் கேப் டவுனில் அரங்கேறியது. கதை நடப்பது போர்ட் எலிசபெத்தில்.

முதலில் ஸ்டைல்ஸ் என்ற போட்டோ ஸ்டூடியோக்காரன் தனியாளாக வெகுநேரம் பேசுகிறான். முன்பு ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அமெரிக்காவிலிருந்து பெரிய முதலாளி வருகிறார் என்றதும் அங்கே ஒரே அமர்க்களம். தரையைத் தேய்க்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், தொழிலாளிகளுக்குப் புது உடுப்பு தருகிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி பேசுவதை மொழிபெயர்க்கும் சாக்கில் ஸ்டைல்ஸ் அவரையே வாருகிறான், அவர் எதிரிலேயே! கடைசியில் முதலாளி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். அத்தனை ஆட்களாகவும் மேடையில் மாறுவது ஒரே நடிகர்.

அப்புறம் வருகிறான் சிஸ்வே. பிழைக்க வந்தவன். கறுப்பர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில், மூன்று நாளில் நகரத்தை விட்டுப் போ என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஒருநாள் இரவு குடித்துவிட்டு வரும்போது, அவனுக்கு இடம் கொடுத்த புன்ட்டு ஒரு சந்தில் பிணத்தைப் பார்க்கிறான். செத்தவன் பெயர் ராபர்ட். அவனுடைய பாஸ் புத்தகத்தில் வேலை தேட அனுமதி இருக்கிறது. புகைப்படத்தை மாற்றி ஒட்டினால் போதும், சிஸ்வே செத்தான், ராபர்ட் பிழைத்தான்.

நாடகத்தின் உச்சம் இதற்கு அடுத்த காட்சி என்பேன். ராபர்ட்டின் பாஸ் புத்தக எண் மனப்பாடம் ஆக வேண்டுமே! புன்ட்டு போலீஸ்காரனாக மாறி அதட்டிக் கேட்கிறான், சிஸ்வே தடுமாறுகிறான், மறுபடி முதலிலிருந்து. சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற ஒரு மனிதன் தன் பெயரை மறக்கப் பழகுகிறான் என்பது அந்தச் சிரிப்புக்குள்ளேயே உறைக்கிறது.

'இது பித்தலாட்டம்தானே?' என்று கேட்கிறவர்களும் உண்டு. இல்லை என்பேன். உழைத்துச் சாப்பிடுவதையே குற்றமாக்கியது சட்டம். இந்தத் தில்லுமுல்லில் சிஸ்வே இழப்பது தன் சொந்தப் பெயரை. அதுவும் நிரந்தரத் தீர்வில்லை. என்றைக்காவது போலீஸ் கைரேகை எடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று அவனுக்கே தெரியும். அந்தப் பாஸ் சட்டங்கள் 1986-இல்தான் ஒழிந்தன.

1975-இல் நியூயார்க்கில் சிறந்த நடிகருக்கான டோனி என்ற அமெரிக்க நாடக விருதை கானியும் இன்ட்ஷோனாவும் பகிர்ந்துகொண்டார்கள். மறுவருடம், நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென ஒதுக்கிய டிரான்ஸ்கை பகுதியில் இதே நாடகத்தைப் போட்டதற்காக இருவரையும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். இவ்வளவு சிரிக்க வைத்த நாடகத்தைப் பார்த்துத்தான் அரசு பயந்தது.

அதனால் இதை மேடையேற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளமாக இருக்கிறது, கதைக்குச் சம்பந்தமில்லை என்று ஃபோர்டு தொழிற்சாலைப் பகுதியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். எதிரில் நின்றே அதிகாரியை ஏய்க்க முடியும் என்று ஸ்டைல்ஸ் அங்கே காட்டியிருப்பதால்தான், புன்ட்டுவின் யோசனையை நாம் நம்புகிறோம்.