இந்த வாரமும் சிவப்பு

நாலாவது ஞாயிறு, கடல்மீன் தொட்டிக்கு நாலாவது முறை தண்ணீர் மாற்றியாச்சு. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் இன்னும் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு). இடித்த புளி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

80 என்பதுகூட, சிவந்த டெஸ்ட் தண்ணீரை அட்டையோடு ஒப்பிட்டு நான் போட்ட உத்தேசம்தான். அந்த டெஸ்ட் கிட் அட்டையை அச்சடித்த மகராசன் 40, 80, 160 மூன்றுக்கும் ஒரே மையைத்தான் ஊற்றியிருக்க வேண்டும். டியூப்லைட்டில் பார்த்தால் 80, ஜன்னலோரம் 40. பையனிடம் காட்டினால் "நன்னாரி சர்பத்" என்கிறான். ஐந்து மில்லி தண்ணீர், முதல் பாட்டிலில் பத்துச் சொட்டு. இரண்டாம் பாட்டிலை முப்பது விநாடி சாமி வந்தவன் மாதிரி குலுக்கி, அதிலும் பத்துச் சொட்டு. அப்புறம் டியூபை ஒரு நிமிஷம் குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் அடியில் படிந்த மருந்து கலக்காது, அளவு குறைத்துக் காட்டும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? முதல் வாரம் குலுக்காமல்தான் பார்த்தேன். 10 காட்டியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு க்ளவுன் மீன் வாங்கிவிட்டேன்!

கடைக்காரரிடம் கேட்டால், "சைக்கிள் முடிஞ்சிடுச்சு சார், கவலையே படாதீங்க." முடிந்ததுதான் பிரச்சினையே. சைக்கிள் என்றால் இதுதான்: மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கி, "என் வேலை முடிஞ்சுது"ன்னு பாக்டீரியா கையை உதறிவிடுகிறது. அந்த நைட்ரேட்டையும் ஒழிக்கிற பாக்டீரியா, ஆக்சிஜன் எட்டாத பாறை இடுக்கில்தான் குடியேறுமாம். எப்போது? "மாசக்கணக்கு ஆகும் சார்." அதுவரை? "வாரம் இருபது சதவீதம் தண்ணி மாத்துங்க."

மாத்தினேனே! இருநூறு லிட்டர் தொட்டிக்கு நாற்பது லிட்டர். நம் போர் தண்ணீரை நேராக ஊற்ற முடியாது, வீட்டு ஆர்ஓவில் பிடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மெஷினோடு உட்கார்ந்தால் பத்து மணிக்கு நாற்பது லிட்டர் சேரும். அதைவிடப் பல மடங்கு கழிவுத் தண்ணீர் பாத்ரூம் பக்கெட்டிலெல்லாம் தளும்பும். அப்புறம் ஒன்றரைக் கிலோ உப்பைக் கொட்டிக் கரைக்க வேண்டும். சாதா உப்பில்லை, கடல்மீன் தொட்டிக்கென்றே நகைக்கடை விலைக்கு விற்கிற உப்பு. கணக்குப்படி 80 முதல் வாரம் 64, அடுத்து 51, அப்புறம் 41 என்று இறங்க வேண்டும். நான் தீனியைக்கூட ஒரு வேளையாகக் குறைத்தேன். ஃபில்டர் பஞ்சில் சிக்கும் தீனி அழுகி அதுவும் நைட்ரேட்டாகும் என்றார்கள், மூன்று நாளுக்கொரு தடவை அலசினேன். என் சட்டையைக்கூட அப்படி அலசியதில்லை.

இன்றைக்குக் கடுப்பில் ஒரு காரியம் செய்தேன். தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டு, ஆர்ஓ தண்ணீரையே டெஸ்ட் செய்தேன். பத்துச் சொட்டு, குலுக்கல், பத்துச் சொட்டு, குலுக்கல், ஐந்து நிமிஷம்.

நல்ல ஆரஞ்சு. 20.

அதாவது நாலு வாரமாக விரதம் இருந்து, உப்பு கரைத்து, இடுப்பொடிய வாளி தூக்கி, நானே நைட்ரேட் ஊற்றியிருக்கிறேன். ஆர்ஓவுக்குள் தண்ணீரை வடிகட்டுகிற மெம்பரேன் தேய்ந்து எத்தனை காலமாச்சோ. போர் தண்ணீரையும் சோதித்தேன். அதன் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்போ இத்தனை நாளா நாம குடிச்சதும் இதுதானா?"

"20தானே. குடிநீருக்கு 45 வரைக்கும் அனுமதி இருக்கு."

"நமக்கு ஆகும், மீனுக்கு ஆகாதா?"

சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய. பாசி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் அந்த இரண்டு க்ளவுனும் ஒரு கவலையும் இல்லாமல் தீனிக்கு வாலாட்டிக்கொண்டிருந்தன.

சரி, மெம்பரேன் மாற்றலாம் என்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலையில வந்துடுறேன் சார்." இதே ஆள், இதே வாக்கியத்தை, தீபாவளிக்கு முந்தின வாரமும் சொன்னார். வருஷ சந்தா மட்டும் ஒரு நாள் தள்ளாமல் கேட்கத் தெரிகிறது!