கொட்டையோடு கொட்டையாகக் கிடந்த காபி

விலை அதிகமான காபி என்று பேச்செடுத்தாலே, "அந்தப் புனுகுப்பூனை சமாச்சாரம்தானே?" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். அது இல்லை. மிருகத்தைக் கூண்டில் அடைத்துப் பழம் தின்ன வைத்து எடுக்கிற அந்தச் சரக்கின் மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. நான் சொல்ல வந்தது கெய்ஷா என்ற காபி ரகத்தைப் பற்றி.

போன மாதம் ஊருக்கு வந்த நண்பன் பனாமா கெய்ஷா 50 கிராம் கொடுத்தான். அரைத்து, பேப்பர் ஃபில்டரில் வடித்து, பால் சர்க்கரை இல்லாமல் அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, மல்லிகைப்பூ போட்ட டீத்தண்ணி மாதிரி இருக்கு?" என்றாள். ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கெய்ஷாவுக்கு எழுதும் குறிப்பிலும் மல்லிகை, பெர்கமாட் என்ற வாசனை எலுமிச்சை வகை, தேயிலை போன்ற மென்மை என்றுதான் இருக்கும். அம்மா திட்டியதைத்தான் அவர்கள் பாராட்டாக எழுதுகிறார்கள்.

பெயரைப் பார்த்து, கெய்ஷா என்ற நடனப் பெண்கள் இருக்கும் ஜப்பானுக்குப் போய்விடாதீர்கள். தென்மேற்கு எத்தியோப்பியாவில் கெஷா என்றொரு வட்டாரம் இருக்கிறது. 1930களில் அந்தப் பக்கத்துக் காடுகளில் பிரிட்டிஷ்காரர்கள் விதை சேகரித்தபோது, எழுதிய கை சறுக்கி கெஷா கெய்ஷாவாகிவிட்டது. அந்த விதை கென்யா போய், தான்சானியாவின் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்து, 1953-ல் கோஸ்டா ரிக்காவின் துரியால்பா ஆராய்ச்சி மையத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு டி2722 என்று ஒரு நம்பர்.

இத்தனை தூரம் சுமந்தவர்களில் ஒருவர்கூட ருசிக்காகச் சுமக்கவில்லை. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதுதான் அதன் ஒரே தகுதி. அந்த நோயின் பெயரைக் கேட்டால் நமக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும். கண்டிச் சீமைக்குப் போன நம் சனம் முதலில் வேலை பார்த்தது தேயிலையில் இல்லை, காபித் தோட்டத்தில். 1869-ல் இலங்கையில் கண்ணில் பட்ட இந்தப் பூஞ்சை, இருபது முப்பது வருஷத்தில் அங்கே காபித் தொழிலையே வழித்தெடுத்துவிட்டது. காபி அழிய அழியத்தான் அந்த மலைகளில் தேயிலை பரவியது.

1960களில் கெய்ஷா பனாமாவுக்கு வந்தது. விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. கிளை லேசில் ஒடியும், காய்ப்பு குறைவு, தாழ்வான இடத்தில் நட்டால் ருசியும் சுமார். வெட்டிப் போட்டவர்கள் உண்டு, ஓரமாக விட்டுவைத்தவர்கள் உண்டு.

பனாமாவில் பாரு எரிமலையின் அடிவாரத்தில் பொக்கேட்டே என்ற ஊர். அங்கே பீட்டர்சன் குடும்பத்தின் எஸ்மெரால்டா எஸ்டேட். அவர்கள் 1990களில் ஹராமியோ என்ற தோட்டத்தை வாங்கியபோது அதிலும் சில கெய்ஷா மரங்கள் நின்றன. சேவற்கண் என்று அங்கே சொல்லும் இன்னொரு இலைநோய் வந்து மற்ற மரங்கள் வாடியபோது இவை மட்டும் அசரவில்லை. அதனால் 1,600 மீட்டருக்கு மேலேயும் கொண்டுபோய் நட்டார்கள். அப்போதும் யாரும் தனியாக ருசி பார்க்கவில்லை. எல்லாப் பழமும் ஒரே குவியல்தான். 2004-ல் பனாமாவின் சிறந்த காபிக்கான போட்டிக்கு முன்னால்தான், அந்தக் குடும்பத்தின் டேனியல் பீட்டர்சன் தோட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வடித்துக் குடித்துப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கலந்து கிடந்ததைப் பிரித்தார். போட்டிக் காபிகளுக்கு நடந்த ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர். சந்தையில் சாதாரணக் காபி ஒரு டாலரைக்கூடத் தொடாத நேரம் அது.

பிறகு விலை தறிகெட்டு ஓடியது. 2007-ல் பவுண்டுக்கு 130 டாலர். 2019-ல் இன்னொரு எஸ்டேட்டின் கெய்ஷா பவுண்டுக்கு 1,029 டாலர். 2025 ஆகஸ்டில் எஸ்மெரால்டாவின் 20 கிலோவை, கிலோ 30,204 டாலருக்குத் துபாய்க்காரர்கள் எடுத்தார்கள். நம் பணத்தில் கிலோ 26 லட்சத்துக்கு மேல். ஒரு குவளைக்கு 15 கிராம் போட்டால், வறுக்கும்போது குறையும் எடையையும் சேர்த்து, 40,000 ரூபாயைத் தாண்டுகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒப்பவில்லை. கெய்ஷாவின் ருசி நிஜம், அதில் சந்தேகமே இல்லை. ஆறவிட்டுக் குடித்தால் இன்னும் திறக்கிறது. சூட்டில் தெரியாத பழவாசனை கடைசி மடக்கில் வருகிறது. ஆனால் பவுண்டுக்கு 21 டாலர் ருசிக்குக் கொடுத்த விலை. கிலோவுக்கு 30,204 டாலர், "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிக்கொள்வதற்குக் கொடுத்த விலை. நாக்குக்கு அத்தனை படிக்கட்டு கிடையாது. அந்த மலைச்சரிவில் கிளை ஒடியாமல் ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் நாபே பழங்குடி மக்கள். ஏலச் செய்திகளில் எஸ்டேட் பெயர் வரும், வாங்கியவர் பெயர் வரும். பழம் பறித்தவர்களைப் பற்றி ஒரு வரி தேடினாலும் கிடைப்பதில்லை.

சிக்கரி கலந்த டிகாக்ஷனில் வளர்ந்த நாக்கு எனக்கு. கெய்ஷாவைத் தினமும் குடிக்க ஆசையில்லை. வருஷத்துக்கு நாலு தடவை, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு சத்தமில்லாமல் இருக்கும்போது குடித்தால் போதும். அதற்காக அரைத்த பொடியில் இரண்டு குவளைக்கு மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். நேற்றுத் தேடினால் டப்பா காலி.

"கொஞ்சூண்டு பொடி கிடந்துச்சு, வீணாப் போயிருமேன்னு நம்ம காப்பிப் பொடியோட சேர்த்துக் கொட்டிட்டேன்டா," என்றாள் அம்மா. "காலையில நீயும்தானே குடிச்ச? ஒண்ணும் தெரியலையே."