‘அருமை’ என்று சொல்லாத ஒரு கூட்டம்

சென்னையில் இலக்கியக் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல், எழும்பூர் இக்சா மையம், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் என்று சனி ஞாயிறு மாலைகளில் எங்காவது ஒரு நூல் வெளியீடோ கவிதை வாசிப்போ இருக்கும். சில நாட்கள் ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள் வந்து எதற்குப் போவது என்று முழிக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம் எழுத்துப் பயிற்சி வகுப்புகள். ‘கவிதை எழுதலாம் வாங்க’, ‘முப்பது நாளில் சிறுகதை’ என்று வாரத்துக்கு ஒரு விளம்பரமாவது என் டைம்லைனில் வந்துவிடுகிறது.

நடக்கட்டும், நல்லதுதான். என் புகார் வேறு. இந்த ஊரில் கவிதையைப் பாராட்ட எத்தனையோ இடம் இருக்கிறது. ‘இது இன்னும் ஆகலை, இந்த இடத்துல தட்டுது, திரும்ப எழுதிப் பாரு’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதற்குத்தான் இடம் இல்லை. கூட்டத்திலும் இல்லை, காசு கட்டிச் சேரும் வகுப்பிலும் இல்லை.

கவிதை நூல் வெளியீட்டு அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை நான்கைந்து பேர், ஏற்புரை, நன்றியுரை. ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்கு மைக் சோதனை தொடங்கும். வாழ்த்த வருபவரில் ஒருவராவது ‘நூல் நேற்று இரவுதான் கைக்குக் கிடைத்தது’ என்று ஆரம்பித்து, கவிஞருக்கும் தனக்குமான நட்பை அரை மணி நேரம் சொல்வார். இன்னொருவர் அட்டைப்பட ஓவியரைப் பாராட்டுவார். நடுநடுவே பொன்னாடை, அதற்குப் போட்டோ. கவிதை என்ற பண்டம் எப்போது வரும் என்றால், ஏற்புரையின் கடைசியில், நேரமாகிவிட்டதால் ‘ஒரே ஒரு கவிதை மட்டும்’ என்று வரும். ஒன்பது மணி ஆகிறதே, மண்டபத்தைப் பூட்ட வேண்டுமே.

பழைய கவியரங்கத்தைக் கிண்டல் செய்வது புதுக்கவிதைக்காரர்களின் வழக்கம். எனக்கும் அந்த எதுகை மோனை அடுக்கு அலுத்துப் போனதுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வானொலியில் ஒலித்த கவியரங்குகளிலும், கலைஞர் தலைமையேற்று நடத்திய மேடைகளிலும், ஒரு தீர்ப்பு உடனுக்குடன் கிடைத்தது. பிடித்த வரி வந்தால் கூட்டம் ‘இன்னொரு தடவை’ என்று கேட்கும். பிடிக்காத வரி அங்கேயே விழுந்து கிடக்கும், கவிஞரே அவசரமாக அடுத்த வரிக்குத் தாவுவார். கைத்தட்டலுக்கு எழுதும் பழக்கத்தை அது வளர்த்தது என்பது உண்மை. ஆனாலும் எந்த வரி போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கவிஞர் வீட்டுக்குப் போனார். 1986இல் சிகாகோவின் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி தொடங்கிவைத்த ‘ஸ்லாம்’ கவிதைப் போட்டியிலும் கூட்டத்திலிருந்தே சிலரைப் பிடித்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். அது நம் சென்னைக் காபி ஷாப்புகளுக்கு ‘ஓப்பன் மைக்’காக வந்து சேர்ந்தபோது மதிப்பெண் கழன்று விழுந்துவிட்டது. யார் எதை வாசித்தாலும் சொடக்குப் போடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சொடக்கு.

இதைவிட வேடிக்கை, சாதனைக் கவியரங்கங்கள். விடிய விடிய நூறு கவிஞர், இருநூறு கவிஞர், ஆளுக்குச் சில நிமிடம், கடைசியில் எல்லோருக்கும் பதக்கமும் சான்றிதழும். பதிவுக் கட்டணம் உண்டு. தன் முறை முடிந்ததும் ஆள் கிளம்பிவிடுவதால், கடைசியில் வாசிப்பவருக்குக் கேட்பவர் என்று இருப்பது ஒலிபெருக்கிக்காரர் மட்டும்தான். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

சரி, வகுப்புகளுக்கு வருகிறேன். ‘கவிதையெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது, ரத்தத்தில் இருக்கணும்’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கவிதையைச் சொல்லிக்கொடுத்தே வளர்ந்த மொழி இது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் மாயூரத்தில் பாடம் கேட்டது வெறும் பழைய நூல் வாசிப்பு இல்லை. பிள்ளையவர்கள் புதிதாகச் செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். ஒரு பாட்டு கண்முன்னால் உருவாவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்க முடியும்? ஈற்றடி கொடுத்து மேல் மூன்று அடியைப் பாடச் சொல்வது அந்தக் காலப் புலவர்களுக்குச் சாதாரணப் பயிற்சி. தளை தட்டினால், அதாவது சீரோடு சீர் சேரும் ஓசை பிசகினால், யாரும் ‘அருமை’ என்று சொல்ல மாட்டார்கள், தட்டுகிறது என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் எழுத்தாளர் பட்டறை என்று முறையாகத் தொடங்கியதே 1936இல்தான். அதே பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973இல் நம் அசோகமித்திரன் போய் வந்தார், அந்த அனுபவம்தான் ‘ஒற்றன்!’ நாவல் ஆனது.

ஆகவே வகுப்பு என்ற யோசனையில் தப்பில்லை. இப்போது வகுப்பு என்ற பெயரில் விற்பதைத்தான் கேள்வி கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தனியார் பள்ளி ஆசிரியை, ஆன்லைன் கவிதை வகுப்பு ஒன்றில் சில ஆயிரம் கட்டிச் சேர்ந்தார். முதல் இரண்டு வகுப்புகள் படிமம், குறியீடு, உவமை என்று கல்லூரி நோட்ஸ். அடுத்த வகுப்பு பயிற்றுநரின் சொந்த எழுத்து வாழ்க்கை. கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் வாசித்தார்கள், ஒவ்வொருவருக்கும் ‘சூப்பர்’. அன்றிரவே மின்சான்றிதழும், கூடவே ஒரு செய்தியும் வந்தது: உங்கள் கவிதை எங்கள் தொகுப்பு நூலுக்குத் தேர்வாகியிருக்கிறது, இத்தனை பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பது பேரும் தேர்வாகியிருந்தார்கள்! அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஜூம் வகுப்புகள் இல்லையென்றால் அவரைப் போன்றவர்கள் இலக்கியத்தின் பக்கமே வந்திருக்க முடியாது. ஒன்பதரைக்கு முடியும் கூட்டத்திலிருந்து மணலிக்கோ கூடுவாஞ்சேரிக்கோ ஒரு பெண் தனியாகத் திரும்ப வேண்டும் என்பது அமைப்பாளர்களில் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? அரங்கத்தில் பெண்கள் குறைவு என்று மேடையில் வருத்தப்படுவதற்குப் பதில் கூட்டத்தை மூன்று மணிக்கு வைக்கலாம்.

ஏன் யாரும் குறை சொல்வதில்லை? இன்று உன் தொகுப்பை நான் குறை சொன்னால் நாளை என் தொகுப்புக்கு நீ பேச வர மாட்டாய், அது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் காசு. இன்று முதல் கவிதை நூலைப் பலரும் கைக்காசு போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். நகையை அடகு வைத்துப் புத்தகம் போட்டவர் குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, மேடையில் நின்று ‘பாதிக் கவிதைகளை எடுத்திருக்கலாம்’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது. வெளியீட்டு விழாவில் விமர்சனம் எதிர்பார்ப்பதே தப்பு, அது கல்யாண வீட்டில் ஜாதகம் பார்ப்பது போல. விமர்சனம் நடக்க வேண்டிய இடம் அதற்கு ஒரு வருஷம் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

படிக்காசுப் புலவரின் தனிப்பாடல் ஒன்று இருக்கிறது. தப்பாகப் பாடுபவரின் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லை, ஆகையால் தேசமெங்கும் புலவர் என்று திரியலாம் என்று கேலி செய்கிறார். காதும் தலையும் போக வேண்டாம். குட்டு கொஞ்சம் தேவைப்படுகிறது.

இந்த ஊரில் அது இருந்திருக்கிறது. 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்து, ஏன் இது, ஏன் மற்றவை இல்லை என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். இப்படித் தேறும் பன்னிரண்டில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை. தேர்வை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கும் முன்னால், திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’. விமர்சனத்துக்காக ஆரம்பித்த பத்திரிகையில்தான் புதுக்கவிதை வேர்பிடித்தது. அதில் வந்தவற்றிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளை மட்டும் பொறுக்கி 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. தேர்வில் நிற்காதவை வெளியே நின்றன. சென்னைக்கு வெளியேயும் உண்டு: நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ இலக்கியச் சந்திப்பு, கலாப்ரியா குற்றாலத்தில் கூட்டிய கவிதைப் பட்டறைகள். அங்கே போய்வந்த மூத்தவர்கள் அருவியைப் பற்றிச் சொல்வதைவிட அங்கே நடந்த சண்டைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

நாங்கள் சில பேர் குரோம்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை, வைத்தால் பேனர் வரும், பேனர் வந்தால் பொன்னாடை வரும். கவிதையைப் பிரதி எடுத்து, எழுதியவர் பெயர் போடாமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எழுதியவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் இரண்டு முறை வாசிப்பார். இது மிக முக்கியம். எழுதியவர் தன் குரலால் ஓட்டையை அடைத்துவிடுவார், அடுத்தவர் வாசிக்கும்போது நாக்கு எங்கே தடுக்குகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ‘நல்லாருக்கு’ என்று சொன்னால் எந்த வரி என்று காட்ட வேண்டும். ‘நல்லாயில்லை’ என்றாலும் அதேதான்.

போன வருஷம் வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் கொண்டுவந்த கவிதை இது. அவர் அனுமதியோடு தருகிறேன்.

கடைசி மின்வண்டியில்
பூக்காரம்மாவின் கூடையில்
விற்காத இரண்டு முழம்
யாருக்கோ மணக்கிறது
ஏழ்மையும் ஒரு வாசனைதான்

முகநூலில் போட்டிருந்தால் ஐந்தாவது வரிக்குத்தான் இதயம் இதயமாக விழுந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர் உண்டு, எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். இது யாருடையது என்று அப்போது அவருக்குத் தெரியாது. ‘கடைசி வரிய யாருய்யா பேசறது? ரயில்ல உக்காந்திருக்கிற ஆளா, மேடையில நிக்கற ஆளா?’ என்றார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ‘யாருக்கோ’ பற்றி ஒரு வாக்குவாதம். பூ எப்படி யாருக்கோ மணக்கும், பெட்டியில் இருக்கிற எல்லோருக்கும்தானே மணக்கும் என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டான். கடைசியில் எழுதியவர் வாய் திறந்தார்: ‘அந்த வரி இல்லேன்னா கவிதை முடிஞ்ச மாதிரியே இல்லையே சார்.’ கோபமாகத்தான் கிளம்பினார். அடுத்த மாதம் வந்தார்.

கடைசி மின்வண்டி.
இருக்கைக்கடியில் பூக்கூடை.
விற்காத இரண்டு முழம்
பல்லாவரம் வரை
எல்லோருக்கும் மணக்கிறது.

இது மகத்தான கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதலில் வந்ததைவிட இது கவிதை. யாரும் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. பல்லாவரம் அவரே கொண்டுவந்தது. எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் அந்தப் பல்லாவரம் வந்திருக்காது.

இப்படிப் பேசினால் புதிதாக எழுத வருபவர்கள் நொறுங்கிப் போக மாட்டார்களா என்று கேட்பீர்கள். சிலர் போயிருக்கிறார்கள். ஒருமுறை வந்து மறுமுறை வராதவர்கள் உண்டு, அதில் இரண்டொருவர் நன்றாக எழுதக்கூடியவர்கள் என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குட்டும் உரிமை ஒரே ஆளிடம் போனால் கூட்டம் முழுக்க அவரைப் போலவே எழுத ஆரம்பிக்கும். ஒரு மூத்த கவிஞரைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு வட்டத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன், எல்லோர் கவிதையிலும் ஒரே பறவை. அதனால் எங்கள் மாடியில் யார் முதலில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம், மூத்தவர் கடைசியில்தான் பேசலாம். ஆளைப் பற்றி ஒரு சொல் வந்தால் பேச்சு அங்கேயே நிற்கும். வரியை மட்டும்தான் தொடலாம்.

இதற்கு மண்டபம், மைக், நிதி எதுவும் வேண்டாம். சென்னையில் கிளை நூலகங்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனையில் ஞாயிறு மதியம் மின்விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது? ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். நூலகர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கிளையில் மாதம் இரண்டு மணி நேரம் தர முடியுமா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நாங்கள் வந்து முதல் இரண்டு கூட்டத்தை நடத்திக்கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறோம். மாடிக்கே வருகிறேன் என்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், விலாசம் தருகிறேன். கவிதை ஒன்று போதும், பிரதி பன்னிரண்டு, பெயர் போட வேண்டாம். மூன்று மணி என்றால் மூன்று மணி.