திட்டத்தை உயர்த்தும் முன் பெட்டியைப் பாருங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 100 மெகாபிட் திட்டம். மாதம் தவறாமல் கட்டணம் கட்டிவருகிறோம். சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் எனக்கு, இந்த நான்கில் மூன்று ஆண்டுகள் ஒரு காணொளிக் கூட்டத்தைக்கூடத் தடையின்றி முடிக்க முடிந்ததில்லை. புகார் சொன்ன ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த பதில் ஒன்றுதான்: 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை மாறிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன். அன்று மாறியிருந்தால் மாதாமாதம் கூடுதல் பணம் போயிருக்கும். பின்கட்டு அறையில் என் கூட்டம் அறுந்துகொண்டேதான் இருந்திருக்கும். அதே யோசனையில் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு இங்குள்ள பழைய தெருக்களின் வீடுகளைப் போன்றதுதான். அகலம் பதினெட்டு அடி, நீளம் நூற்றிருபது அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, பின்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று வரிசையாகப் பின்னால் போகும். கட்டுக்குக் கட்டு ஒன்றரை அடிச் செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் வாசல் வழியாக ஃபைபரைக் கொண்டுவந்து, முதலில் கண்ணில் பட்ட பிளக் பாயின்டுக்கு அருகிலேயே, ரேழிப் பரணின் மேல், ஃபைபரை வாங்கி வைஃபையாகப் பரப்பும் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பரணில்தான் மாமியாரின் சீர்ப் பாத்திரங்கள் இருக்கின்றன: இரண்டு பித்தளை அண்டா, ஒரு தவலை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் குடங்கள். பெட்டி இருந்தது அண்டாவுக்குப் பின்னால். உலோகம் ரேடியோ அலையை ஊடுருவ விடாது, திருப்பி அனுப்பிவிடும். ஆக, எங்கள் வீட்டு வைஃபை பித்தளையைத் தப்பி, மூன்று சுவர்களைத் துளைத்து, எண்பது அடி கடந்து என் மேசைக்கு வரவேண்டியிருந்தது.

பழுது எங்கே என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு லேன் கேபிளும் கால் மணி நேரமும் போதுமானதாக இருந்தன. பரணுக்கு ஏணி போட்டு, மடிக்கணினியைக் கேபிள் மூலம் பெட்டியோடு நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதித்தேன். 94 மெகாபிட் காட்டியது. கேபிளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைஃபையில் சோதித்தபோது 38. கூடத்தில் 14. பின்கட்டில் ஒன்றரை, அதுவும் நிலையாக இல்லை. ஒரே நிறுவனம், ஒரே திட்டம், ஒரே நேரம். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மாமனார் இந்த எண்களை நான் எழுதிவைத்த தாளைப் பார்த்துவிட்டு, "ஆத்துல தண்ணி போய்க்கிட்டுதாம்மா இருக்கு, நம்ம மடைதான் அடைஞ்சு கிடக்கு" என்றார். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் என் புகாரைக் கேட்டவர்களில் ஒருவர்கூடக் கேபிள் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. எல்லாப் பழுதும் வீட்டுக்குள் இருப்பதில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது எந்த ரூட்டரை, அதாவது இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்து வைஃபை பரப்பும் கருவியை, வாங்கி வைத்தாலும் பயனில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில் கம்பம் ஏறிக் கம்பி இழுக்கும் பையன்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. விளக்கு பச்சையாக இருந்தும் வேகம் குறைந்தால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் வலுவைப் பார்க்கலாம். dBm என்ற அலகில் அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்கவேண்டும். எங்களுடையது மைனஸ் 20. நல்ல இணைப்பு.

பிறகு பெட்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நிறுவனம் கொடுக்கும் அந்த ஒரே பெட்டி நான்கு வேலைகளைச் செய்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. நம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைகிறது. வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் போக்குவரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. கடைசியாக வைஃபை பரப்புகிறது. முதல் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. நான்காவது வேலைதான் மோசம். எங்களுக்குக் கொடுத்த பெட்டியின் வைஃபை 2009-இல் தரப்படுத்தப்பட்ட பழைய தலைமுறையைச் சேர்ந்தது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உடையது. வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரண்டு ஆண்டெனாவோடு, அதன் இணைப்பு வேகம் காகிதத்திலேயே 144 மெகாபிட்தான். கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி. அப்படியிருக்க, 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறுங்கள் என்று சொன்னவர்கள், தங்கள் பெட்டியின் வைஃபை வழியாக ஒருபோதும் வெளியே வரமுடியாத வேகத்தை எனக்கு விற்கப் பார்த்தார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்த மாடல் பெட்டி இருக்கிறது என்பது அவர்கள் கணினித் திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

நம் தெருக்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி ஒட்டி நிற்கின்றன. எல்லார் வீட்டுப் பெட்டியும் ரேழியில்தான் இருக்கிறது. என் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் வாசலில் பதின்மூன்று வைஃபைகள் தெரிந்தன. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பதின்மூன்று வீட்டுக்காரர்கள் மூன்று சந்துகளில் முட்டிக்கொண்டு போகிறோம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதன் அலைநீளம் குறைவு, ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். தடித்த சுவரில் அது 2.4-ஐவிட விரைவாக வலுவிழந்துவிடும். இதனால்தான் ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா என்று கடையில் காட்டும் ரூட்டரை வாங்கிப் பழைய பரணிலேயே வைத்தால் பலன் கிடைப்பதில்லை. ரூட்டர் எவ்வளவு வலுவாகப் பேசலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. அதோடு, நம் கைபேசி அதற்குத் திருப்பிப் பதில் சொல்லவேண்டுமே. கைபேசியின் குரல் மிகச் சிறியது. திரையில் கோடுகள் நிறையத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

முதலில் நான் செய்த தவறு ஒரு ரிப்பீட்டர் வாங்கியது. ஆயிரத்து இருநூறு ரூபாய். முற்றத்துத் தூணருகில் மாட்டினேன். அது தனக்கு வந்து சேரும் மெலிந்த வைஃபையைக் கேட்டு, அதே சேனலில் மறுபடியும் சொல்கிறது. ஒரே வாயால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கோடுகள் கூடின, வேலை நடக்கவில்லை. யாராவது ரிப்பீட்டர் வாங்கச் சொன்னால் தடித்த சுவர் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அதன் பிறகுதான் சரியான வழிக்கு வந்தேன். நிறுவனத்தின் பெட்டியை முழுவதுமாகக் கழற்றி எறிய முடியாது. அதன் தொடர் எண் நிறுவனத்தின் கருவியில் பதிவாகியிருப்பதால், ஒளியை மாற்றும் முதல் வேலை அதனிடமே இருக்கவேண்டும். மற்ற மூன்றையும் அதனிடமிருந்து எடுத்து நம்முடைய ரூட்டரிடம் கொடுத்துவிடலாம். இதற்குப் பிரிட்ஜ் மோடு என்று பெயர். அதற்கு இரண்டு தேவை: பெட்டியைப் பிரிட்ஜுக்கு மாற்றும் அனுமதி, நம் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இரண்டையும் கேட்டபோது, வெளி ரூட்டருக்கு அனுமதி இல்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். உள்ளூர் அலுவலகத்தில் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, மூன்று வாரம் கழித்து ஒரு தம்பி வந்தார். பத்தே நிமிடத்தில் மாற்றிவிட்டு, "இது பெரிய வேலை இல்லக்கா, யாரும் கேக்குறதில்ல, அதான் நாங்களும் சொல்றதில்ல" என்றார். அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். பத்து நிமிட வேலைக்கு ஒரு வாடிக்கையாளர் மூன்று வாரம் காத்திருந்ததைத்தான் குறை சொல்கிறேன்.

அந்த மூன்று வாரமும் வேலை நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் அப்போது செய்ததுபோலவே, பிரிட்ஜ் கிடைக்காதவர்கள் நிறுவனப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, நம் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது வைஃபை மட்டும் பரப்பும் நிலையில், வைத்து, கேபிளால் பெட்டியோடு இணைத்தால் போதும். வைஃபை நம்முடையதாகிவிடும், போக்குவரத்தைப் பிரிக்கும் வேலை மட்டும் பழைய பெட்டியில் இருக்கும். ஆக்சஸ் பாயின்டுக்கு மாற்றாமல் அப்படியே சொருகினால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலையமைப்புகள் உருவாகி, சில அழைப்புகளும் விளையாட்டுகளும் சிக்கிக்கொள்ளும். அதே பெட்டியில் தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் பிரிட்ஜுக்கு மாற்றும்போது, குரலுக்கான அமைப்பைத் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிய ரூட்டர் வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வகை, இரண்டு அலைவரிசையும் உண்டு, கேபிள் சொருகும் எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட். வாங்குவதற்கு முன் இந்தப் போர்ட் விவரத்தை அட்டைப்பெட்டியில் தேடிப் படியுங்கள். 100 மெகாபிட் போர்ட் உள்ள மலிவு ரூட்டர்கள் இன்னும் விற்கின்றன. எங்கள் புதிய ரூட்டரைக் கூடத்தில், ஊஞ்சலுக்கு எதிர்ச்சுவரில், தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் மாட்டினோம். அங்கிருந்து பின்கட்டுக்கு கேட்-6 வகை லேன் கேபிள் ஒன்று போகிறது. அதன் முனையில் ஒரு சிறிய ஆக்சஸ் பாயின்ட். சுவரைத் துளைக்கவேண்டிய வேலையைக் காற்றிடம் கொடுக்காமல் செம்பிடம் கொடுத்துவிட்டோம். இந்தக் கேபிளைப் போட்டதுதான் உண்மையில் பெரிய வேலை. கொத்தனார் சுவரில் துளை போடவேண்டாம் என்றார், காரை பெயர்ந்துவிடும். தாழ்வாரத்துக் கைமரத்தை ஒட்டி பிவிசி குழாய் பதித்து, அதற்குள் கேபிளைக் கோத்தார் எலெக்ட்ரீஷியன். குழாய் இல்லாமல் விட்டால் அணிலும் எலியும் ஒரு மழைக்காலம்கூட விட்டுவைக்காது. கைமரத்தின் இடுக்கிலிருந்து நாற்பது ஆண்டு ஒட்டடையும், பழைய வானொலியின் ஏரியல் கம்பி ஒன்றும் வந்தன. மாமனார் அந்தக் கம்பியைத் துடைத்துத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார்.

செலவைச் சொல்கிறேன். ரூட்டர் 3,400, ஆக்சஸ் பாயின்ட் 2,100, கேபிள் 900, குழாய் 400, கூலி 600. ஆக 7,400 ரூபாய். 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறியிருந்தால் மாதம் 350 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 413 ரூபாய் கூடியிருக்கும். பதினெட்டு மாதக் கூடுதல் கட்டணத்தில் இந்த வேலை முடிந்துவிட்டது. திட்டம் இன்றும் அதே 100 மெகாபிட்தான். கூடத்தில் 92 வருகிறது, பின்கட்டில் 90.

நம் ரூட்டரை வைத்தால் நமக்குப் பொறுப்பும் கூடும். அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதும், வலுவான கடவுச்சொல் வைப்பதும் இனி நம் வேலை. மின்சாரம் போனால் இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்துத் தாங்கக்கூடிய சிறிய யுபிஎஸ் வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதையெல்லாம் செய்ய ஆள் இல்லையென்றால், பெட்டியைப் பரணிலிருந்து கூடத்துக்கு நகர்த்தித் தரச்சொல்வது மட்டுமே போதும். பாதிக் குறை தீர்ந்துவிடும். ஃபைபரை நீங்களே மடக்கி இழுக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி.

நிறுவனங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. எந்த மின்விசிறி வாங்கவேண்டும் என்று அவர்கள் சொல்வதில்லை. இணையத்துக்கும் அதுவே முறையாக இருக்கவேண்டும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், தன் ரூட்டரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்குச் சட்டப்படி கிடைத்திருக்கிறது. இணைப்புக்குத் தேவையான விவரங்களை நிறுவனம் கேட்காமலே தந்துவிடவேண்டும். இங்கும் இணைப்புக் கொடுக்கும் அன்றே பயனர் பெயர், கடவுச்சொல், ஒளியின் வலு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பிரிட்ஜ் வேண்டும் என்பவருக்குக் கடிதம் இல்லாமல், மூன்று வாரம் காக்கவைக்காமல் போட்டுத் தரட்டும். வேகம் குறைகிறது என்று அழைப்பவரிடம், திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கேபிள் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நான் உள்ளூர் அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதம் அரைப் பக்கம்தான். இந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்காவது தேவைப்பட்டால் கீழே சொல்லுங்கள், பெயரும் இணைப்பு எண்ணும் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி நகலை அனுப்பிவைக்கிறேன்.