மலைச் சூளைக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஸ்டுடியோ மட்பாண்டக் கலை, அதாவது கலைஞர்கள் சிறு பட்டறையில் கையால் கலங்கள் வனையும் கலை, நகரத்துக் கலைஞர்களுடன்தான் நீலகிரிக்கு வந்தது என்று அதைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பானை வனைந்தவர்கள். இம்மலையின் மற்றச் சமூகத்தாரான தோடரும் படகரும் தமக்கு வேண்டிய மட்கலங்களை அவர்களிடமே பெற்றனர். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் பட்டறை மட்பாண்டக் கலைஞர்கள் பலரை உருவாக்கியது உண்மை. ஆனால் அது வேறொரு மரபு.

உயரத்தால் வரும் சிக்கலைக் கட்டுரை தொடவே இல்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், சமவெளிக்கென அமைத்த எரிவாயு பர்னரை அப்படியே பொருத்தினால் வாயு முழுமையாக எரியாமல் சூளை புகையும். 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டிய வெப்பம் நடுவழியில் நின்றுவிடும். அந்த ஆக்சிஜன் குறைவில், பச்சையாக வரவேண்டிய செம்பு மெருகு (செம்பு கலந்த கண்ணாடிப் பூச்சு) சிவந்துவிடவும் கூடும். பர்னர் துளையைச் சிறிதாக்கி, காற்றுவழியை அகலப்படுத்துவதே இதற்கு முறை.

உலர்த்துவதும் அவ்வாறே. மூடுபனிக் காலத்தில் கோப்பையின் கைப்பிடி முந்திக் காய, உடல் ஈரமாகவே இருப்பதால், ஒட்டிய இடத்தில் மயிரிழையாய் விரிசல் ஓடுகிறது. கைப்பிடியை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவைக்க வேண்டும். கோப்பை வெளியே வெளுத்திருந்தாலும் மண்ணுக்குள் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்றிருந்தால் சூளையில் ஏற்றக் கூடாது. நீராவி அதை வெடிக்கச் செய்துவிடும்.