மூன்றாம் நம்பர் அடுப்பு

(ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டத்து ஊர். இரண்டு நாள் மழை விட்ட காலை. மாமரத்தின் கீழ் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார், பொனற் திறந்தபடி. பக்கத்தில் மாமி. அயல்வீட்டுத் தம்பி வவுனியாவில் வாகனத் திருத்தம் படித்துவிட்டு வந்தவர். கையில் ஸ்கானர், முகத்தில் சான்றிதழ்.)

தம்பி: மாமி, இதைச் சொருகும் இடம் எங்கே? ஸ்டியரிங்கின் கீழே தேடினேன். ஒரு சிலந்திதான் இருக்கிறது.

மாமி: அது கனகாலமாக இருக்கிறது, விடு. என்னத்தைச் சொருகப் போகிறாய்?

தம்பி: ஸ்கானர். எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று அதுவே எழுதிக் காட்டும். மூன்றாவது என்றால் பி 0303. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் காரிலும் இது கட்டாயம்.

மாமி: 1996இல் நாங்கள் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கு ஓடிக்கொண்டிருந்தோம். பெற்றோலுக்குத் தடை. கபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் போனோம். மாமா சொகுசாக உள்ளே இருப்பார், முன்னால் நின்று கைப்பிடி சுற்றுவது நான். எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று என் தோள்மூட்டு எழுதிக் காட்டும்.

(தம்பியின் போன் அடிக்கிறது. பார்த்துவிட்டு அவசரமாக வெட்டுகிறார்.)

மாமி: யார்?

தம்பி: கம்பனிக்காரர், மாமி. விளம்பரம்.

மாமி: சரி, ஸ்டார்ட் பண்ணு. கேள். தவில்காரன் ஒரு அடியை விழுங்கி விழுங்கி வாசிக்கிற மாதிரி இல்லையா? நாலு அடுப்பில் ஒன்று அணைந்திருக்கிறது.

தம்பி: கொயில் பழுதாக இருக்கலாம். மாற்றிவிடுவோமா?

மாமி: பொறிக்குக் கரண்டைக் கூட்டித் தருகிற கொயில் நாலுக்கும் பொது. அதோடு சேர்ந்து வேலை செய்கிற பொயிண்டும் கண்டென்சரும் அப்படித்தான். அதில் கோளாறு என்றால் நாலும் இருமும். ஒன்று மட்டும் படுத்தால், அந்த ஒன்றுக்கே சொந்தமான சாமானைத்தான் பார்க்க வேண்டும். இந்தா காய்ந்த துணி. சிலிண்டருக்குள் பொறி தட்டுகிற புளக்கின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடு.

தம்பி: துணி எதற்கு, ரப்பர் வயர்தானே... ஆ! அம்மா!

மாமி: நல்லது. இரண்டாம் நம்பரில் கரண்ட் இருக்கிறது. எழுதிக்கொள்.

(பரிசோதனை முறைகளில் இது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் முடிவில் சந்தேகமும் இல்லை.)

தம்பி: முதலாவதைக் கழற்றினால் கார் இன்னும் நொண்டுகிறது. நாலாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை!

மாமி: ஒரு ஆள் எழும்பிப் போன பிறகும் வீட்டு வேலை அப்படியே நடக்கிறது என்றால், அந்த ஆள் முதலிலேயே வேலை செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். சரி, மூன்றாம் புளக்கைக் கழற்று. பையைத் தா, ஸ்பானர் எடுப்போம்.

தம்பி: வேண்டாம் மாமி, பையை நானே எடுக்கிறேன்!

மாமி: ஏன் பதறுகிறாய்? உள்ளே பாம்பா இருக்கிறது?

தம்பி: புளக் நனைந்திருக்கிறது மாமி. பெற்றோல் மணம்.

மாமி: அப்படியென்றால் பெற்றோல் வருகிறது, நெருப்புத்தான் பிடிக்கவில்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓயிலையும் கழுவிக்கொண்டு போகும், பிறகு பிஸ்டன் ரிங் தேயும். மூன்றில் ஓடினால் பெற்றோல் மிச்சம் என்று மாமா சொல்லித் திரிந்தார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓட்டையில் பெருவிரலை அழுத்திப் பிடி, நான் கைப்பிடி சுற்றுகிறேன்.

தம்பி: ஐயோ, விரலைத் தள்ளுகிறது!

மாமி: காற்று அமுக்கம் இருக்கிறது. வால்வும் ரிங்கும் மோசமில்லை. இனி மூன்றாம் புளக்கை நாலிலும், நாலாம் புளக்கை மூன்றிலும் போட்டுக் கிளப்பு.

(கிளப்புகிறார்கள். மறுபடி போன். மறுபடி வெட்டு.)

தம்பி: இன்னும் மூன்றுதான் செத்துக் கிடக்கிறது. நாலு நன்றாக எரிகிறது.

மாமி: புளக்கில் பிழையில்லை. இருந்தால் வருத்தமும் அதோடு நாலுக்கு வந்திருக்கும். வயரை மாற்றிப் பார்.

தம்பி: வேறு வயர் போட்டேன். நுனியை என்ஜின் இரும்புக்குக் கிட்டப் பிடித்தாலும் பொறி இல்லை.

மாமி: மிஞ்சியது நாலு புளக்குக்கும் கரண்டைப் பங்கு போடுகிற டிஸ்றிபியூட்டரின் மூடி. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டு. மூன்றாவது வயர் பூட்டுகிற கொம்பின் அடியில் பார், எறும்பு போன வழி மாதிரிக் கறுப்பாக ஒரு கோடு.

தம்பி: மெல்லிய வெடிப்பு! அதில் கரி பிடித்திருக்கிறது.

மாமி: மாரி ஈரம் அதற்குள் இறங்கியிருக்கும். கரண்ட் புளக்குக்குப் போகாமல் கரிக்கோட்டால் இறங்கிக் குறுக்குவழியில் வீட்டுக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் நீ மதிலால் பாய்ந்த மாதிரி. பிளேட்டால் கரியைச் சுரண்டு. நன்றாகத் துடை. இனி அதற்கு மேல் கியூட்டெக்ஸ் பூச வேண்டும்.

தம்பி: கியூட்டெக்ஸா?

மாமி: நகத்துக்குப் பூசுவதுதான். கரண்டைத் தடுக்கும், ஈரமும் இறங்காது. யாழ்ப்பாணத்தில் இன்னும் கனபேர் மைனர் வைத்திருக்கிறார்கள், அங்கே மூடி தேடி எடுக்கும் வரைக்கும் சமாளிக்கலாம். என்னிடம் கியூட்டெக்ஸ் இல்லை. இந்த வயதில் நகத்துக்கு மஞ்சள்தான்.

தம்பி: அப்போது... நாளைக்குப் பார்ப்போமா?

மாமி: நாளைக்குச் சந்தை. முப்பது தேங்காயைத் தலையில் சுமப்பாயா? உன்னுடைய பைக்குள் அந்தச் சின்னக் கடதாசிப் பெட்டி என்ன?

தம்பி: அது... அக்காவுக்கு.

மாமி: உன் அக்கா கனடாவில்.

தம்பி: வேறு அக்கா, மாமி.

மாமி: கரண்ட் குறுக்குவழியில் போனால் கரிக்கோடு தெரியும் தம்பி, உன் காதே சிவந்துபோய் இருக்கிறது. எடு வெளியே. ரோஸ் நிறமா? பரவாயில்லை, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள். மெல்லிசாகப் பூசு. முழுதாகக் காய விடு, இல்லாவிட்டால் அந்த ஆவியில் பொறி விழுந்து மூடியே பறந்துவிடும்.

(அரை மணி நேரம். தேநீர் வந்தது, போனது. போன் மூன்று முறை அடித்தது. கார் கிளம்பியது. நாலு அடியும் ஒழுங்காக விழுந்தது. மாமரத்துக் கிளி மட்டும் பயந்து பறந்தது.)

தம்பி: மாமி, அச்சாவாக ஓடுகிறது! நான் இதைப் பி 0303 என்று பதிந்து வைக்கலாமா?

மாமி: வைத்துக்கொள். போத்தலில் எவ்வளவு மிச்சம்?

தம்பி: பாதி.

மாமி: ஒரு கைக்குக் காணும். போன் திரும்ப அடிக்கிறது, எடு.

தம்பி: எடுத்து என்ன சொல்ல?

மாமி: மற்றக் கைக்குரியதைக் கார் பூசியிருக்கிறது என்று சொல். நம்பாவிட்டால் போனை இங்கே தா.