ஆட்டோபைலட் இருந்தா பைலட் தூங்கலாமா?

"ஆட்டோபைலட்டே ஓட்டிடும், பைலட் டயர்டா இருந்தா என்ன, கவனம் சிதறுனா என்ன"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. சுத்தப் பொய்ங்க. 1972ல ஈஸ்டர்ன் 401 விமானத்துல முன் சக்கரம் இறங்கிடுச்சுன்னு காட்டற குட்டி பல்பு எரியலன்னு மொத்த க்ரூவும் அதையே நோண்டிட்டு இருந்தாங்க, அந்த நேரம் பாத்து ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிச்சு வைக்கறத விட்டுடுச்சு, எச்சரிக்கை சத்தம் கேட்டும் யாரும் கவனிக்கல, ஃப்ளோரிடா சதுப்புல விழுந்து நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. இத்தனைக்கும் சக்கரம் சரியாத்தான் இறங்கியிருந்துச்சு, பல்பு மட்டும்தான் ஃப்யூஸ்!

2010 மங்களூர் விபத்துல கேப்டன் வழியில ரொம்ப நேரம் தூங்கியிருக்காரு, எழுந்தப்புறம் அந்த மந்தம் தெளியல, கோ-பைலட் "கோ அரவுண்ட்"னு (இறங்காம மறுபடி மேல ஏத்துங்கன்னு) சொல்லியும் தரையிறக்கினாரு, 158 பேர் உயிர் போச்சு. ஆட்டோபைலட் சொன்னதைத்தான் செய்யும், சரியா செய்யுதான்னு பாக்க முழிச்சிருக்கற மனுஷன் வேணும்.